பழைய பக்கத்தில் கிடக்கும் அந்த ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு: ஒரு காப்புரிமை வழக்கின் மிச்சம்

நீங்கள் கேட்டிருப்பவை வெளிப்பார்வைக்கு இரண்டு கேள்விகள். பயிற்சிப் பாடங்கள் கொண்ட ஒரு பழைய இணையதளத்தைப் புதுப்பிக்கக் கையில் எடுத்திருக்கிறீர்கள். அதில் ஃப்ளாஷ் படங்கள் (அசைந்து, சொடுக்கினால் பதில் தரும் பழைய வகைப் படங்கள்) பக்கத்துக்குள் நேரடியாக வைக்கப்படவில்லை. தனியான ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்புதான், அவற்றைப் பக்கத்தில் பதிக்கும் ஆப்ஜெக்ட் குறியை எழுதித் தருகிறது. கோப்பின் தலைப்பில் ‘இயோலாஸ் காரணமாக, நீக்க வேண்டாம்’ என்று யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள். அதை நீக்கலாமா என்பது முதல் கேள்வி. அதே பாடங்களை வீடியோவாக்கி, ஒரு சிறிய திரைப் பெட்டியில் ஏற்றி விற்க உங்கள் நிறுவனம் யோசிக்கிறது. அதற்குக் காப்புரிமைத் தொல்லை வருமா என்பது இரண்டாவது. ஆனால் இரண்டுக்கும் அடியில் நீங்கள் அறிய நினைப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் நடத்தும் வழக்கு, அதில் வாதியாகவோ பிரதிவாதியாகவோ இல்லாத உங்கள் மேசைவரை எப்படி வந்து சேர்கிறது?

முதலில் நேர்ப்பதில்: அந்தக் கோப்பைத் தாராளமாக நீக்கலாம். இரண்டாவது கேள்விக்கான பதில், நீங்கள் கடைசியில் எதை விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் வழக்கறிஞன் அல்ல. 2000-களில் கணினிவழிப் பாடங்கள் தயாரிக்கும் வேலையிலும், பின்னர் செட்-டாப் பெட்டி, அறிவிப்புத் திரை போன்றவற்றுக்கான மென்பொருளிலும் இருந்தவன். தீர்ப்புகள், தேதிகள், தொகைகள் என்று கீழே வருபவை பொதுப் பதிவில் உள்ளவை. அவற்றை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு காப்புரிமையின் உரிமைக்கோரல், அதாவது எதெல்லாம் தனக்குச் சொந்தம் என்று அது வரையறுக்கும் வாசகம், எதைத் தொடும், எதைத் தொடாது என்று நான் சொல்லும் இடங்களை மட்டும் ஒரு பொறியாளரின் வாசிப்பாகக் கொள்ளுங்கள்.

இயோலாஸ் என்பது 1994-இல் தொடங்கப்பட்ட ஒரு சிறிய அமெரிக்க நிறுவனம். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக வளாகத்தில் மைக்கேல் டாயிலும் அவருடைய சகாக்கள் இருவரும் செய்த வேலையிலிருந்து பிறந்தது. மருத்துவப் படங்களை உலாவியின் சாளரத்துக்குள்ளேயே திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு இருந்த தேவை. 1994 அக்டோபர் 17 அன்று விண்ணப்பித்து, 1998 நவம்பர் 17 அன்று அமெரிக்கக் காப்புரிமை 5,838,906-ஐப் பெற்றார்கள். காப்புரிமை பல்கலைக்கழகத்தின் சொத்து, உரிமம் இயோலாஸிடம். அதன் மையக் கோரலைச் சட்டமொழியிலிருந்து உரித்தெடுத்தால் இவ்வளவுதான் மிஞ்சும்: ஒரு பக்கத்தின் உரையில் ஒரு குறி இருக்கிறது, உலாவி அந்தக் குறியைப் படித்து, அதற்கான வெளி நிரலைத் தானாகவே இயக்குகிறது, அந்த நிரல் பக்கத்துக்குள்ளேயே ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு பயனருடன் ஊடாடுகிறது. ‘தானாகவே’ என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் நடந்த கோமாளித்தனம் எல்லாம் அந்த ஒரு நிபந்தனையைச் சுற்றித்தான்.

இன்று படிக்கும்போது, இது செருகுநிரல் (உலாவிக்குள் பொருத்தும் வெளி நிரல்) என்ற ஏற்பாட்டின் விளக்கம்தானே என்று தோன்றும். ஆம், சிக்கலே அதுதான். ஃப்ளாஷ், ஜாவா ஆப்லெட், குவிக்டைம், ரியல்பிளேயர், பிடிஎஃப் காட்டி என எல்லாம் அந்த வரையறைக்குள் விழுந்தன. 1999 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் மீது சிகாகோவில் வழக்குத் தொடரப்பட்டது. 2003 ஆகஸ்டில் ஜூரி, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அந்தக் காப்புரிமையை மீறுகிறது என்று சொல்லி, விண்டோஸ் பிரதி ஒன்றுக்கு 1.47 டாலர் என்ற கணக்கில் 52 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு விதித்தது. அந்தத் தொகையைக் கேட்டு உலகம் முழுவதும் உள்ள பக்க வடிவமைப்பாளர்கள் திகைத்ததற்குக் காரணம் மைக்ரோசாஃப்ட் மேல் பரிதாபம் இல்லை. உலாவியை மாற்றினால் தங்கள் பக்கங்கள் என்னவாகும் என்ற கவலை. 2003 அக்டோபர் 28 அன்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, அதன் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் சார்பில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். வலைக்கான குறிமொழியை வகுத்தவர்களில் ஒருவரான டேவ் ராகெட் 1993-இலேயே, வெளிப்பொருளைப் பக்கத்தில் பதிக்கும் எம்பெட் குறியைப் பற்றி எழுதியவற்றைச் சுட்டிக்காட்டி, மறுபரிசீலனை செய்யுங்கள் என்று கேட்டார். அலுவலகம் மறுபரிசீலனையைத் தொடங்கியது. இடைக்கால நிராகரிப்புகூட வந்தது. ஆனால் 2005 செப்டம்பரில் காப்புரிமை செல்லும் என்றே முடித்துவிட்டது.

இதற்கு நடுவில் மேல்முறையீடு. இங்கேதான் வயோலா என்ற உலாவி வருகிறது. பெர்க்லியில் மாணவராக இருந்த பெய்-யுவான் வேய் எழுதியது அது. மொசைக் என்ற ஆரம்பகால உலாவி பரவுவதற்கு முன்பே அது பக்கத்துக்குள் சிறு நிரல்களை ஓட்டியது. 1993 மே மாதத்தில் அவர் அதை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர்களுக்கு, ரகசிய ஒப்பந்தம் ஏதும் இல்லாமல், செய்துகாட்டியிருக்கிறார். மாதக் கடைசியில் மேம்பட்ட பதிப்பை எவரும் இறக்கிக்கொள்ளும்படி வலையிலும் போட்டிருக்கிறார். இயோலாஸ் விண்ணப்பத்துக்கு ஓராண்டுக்கும் மேல் முந்தைய நிகழ்ச்சி இது. அமெரிக்கச் சட்டத்தில் அந்த ஓராண்டு உயிர்நாடி: அதற்கும் முன்பே பொதுவில் வெளியான ஒன்று காப்புரிமையைச் செல்லாததாக்கிவிடும். சிகாகோ நீதிபதி இந்தச் சான்றை ஜூரியின் பார்வைக்கே வரவிடவில்லை. முந்தைய பதிப்பை வேய் கைவிட்டுவிட்டார் என்பது அவர் சொன்ன காரணம். 2005 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒன்றை மேம்படுத்துவது அதைக் கைவிடுவது ஆகாது என்று சொல்லி, இழப்பீட்டை ரத்துசெய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. வேய் படித்ததும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகத்தில்தான், வழக்காடியதும் அதே பல்கலைக்கழகம்தான் என்பதை இவ்வழக்கைப் பற்றிப் பேசும் யாராலும் சொல்லாமல் கடக்க முடியவில்லை, என்னாலும்தான்.

தீர்ப்புதான் ரத்தாகிவிட்டதே, பிறகு ஏன் 2006-இல் உலாவியை மாற்றினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ரத்தானது முழுவதும் அல்ல. வயோலா காரணமாகக் காப்புரிமை செல்லாமல் போகுமா என்பதைத்தான் திரும்ப விசாரிக்கச் சொன்னார்கள். கோரல்களுக்குக் கொடுத்த பொருளும், வெளிநாட்டுக்கு அனுப்பிய பிரதிகளையும் கணக்கில் சேர்த்ததும் அப்படியே நின்றன. 2005 அக்டோபர் கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்த வெளிநாட்டுக் கணக்கைப் பற்றிய மனுவையும் எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. மறுவிசாரணையில் தோற்றால், அதுவரை ஓடிய ஒவ்வொரு நாளும் கடனில் ஏறும். 2003-லேயே ஒரு மாற்றத்தை அறிவித்து, பிறகு கிடப்பில் போட்டிருந்த மைக்ரோசாஃப்ட், இப்போது வேறு வடிவத்தில் அதை வெளியே எடுத்தது. 2006 பிப்ரவரியில் விருப்பப் புதுப்பிப்பாக வந்தது. ஏப்ரல் 11 அன்று பாதுகாப்புத் திருத்தங்களோடு சேர்த்தே எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது. பாதுகாப்புத் திருத்தத்தை யார் வேண்டாம் என்று சொல்ல முடியும்?

மாற்றம் இதுதான். பக்கத்தின் மூலத்தில் ஆப்ஜெக்ட், எம்பெட், ஆப்லெட் குறிகளால் வரும் எதுவும் ஏற்றப்படும், திரையில் தெரியும், ஓடக்கூடச் செய்யும். ஆனால் பயனரின் சுட்டிக்கும் விசைக்கும் பதில் சொல்லாது. அதன்மேல் சுட்டியைக் கொண்டுபோனால் சுற்றிலும் ஒரு கட்டம் விழுந்து, இதை இயக்கச் சொடுக்குங்கள் என்று ஒரு வாசகம் தோன்றும். முதல் சொடுக்கு அந்தப் பூட்டைத் திறப்பதற்கு; இரண்டாவதுதான் பொத்தானுக்கு. இதே குறியைப் பக்கத்தில் எழுதாமல், வெளியே தனிக் கோப்பில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தால் பூட்டு இல்லை. பக்கத்துக்குள்ளேயே வைத்த ஸ்கிரிப்ட் எழுதினால் பூட்டு உண்டு. பொறியியலாகப் பார்த்தால் இதில் ஒரு நியாயமும் கிடையாது. சட்டமாகப் பார்த்தால் உண்டு: பயனர் சொடுக்கினால் அது ‘தானாக’ இல்லை, வெளிக்கோப்பு எழுதினால் குறி ‘பக்கத்தின் உரையில்’ இல்லை. உங்கள் கையில் இருக்கும் கோப்பு அந்த இரண்டாவது வழியைப் பிடித்துக்கொண்டது. அது எந்தத் தொழில்நுட்பத் தேவைக்கும் பிறந்ததல்ல.

இதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதுதான் இந்த வழக்கில் எனக்கு இன்றும் ஆறாத பகுதி. காப்புரிமை அமெரிக்காவுக்கு மட்டும் உரியது. மாற்றமோ உலகம் முழுவதும் உள்ள உலாவிகளுக்குப் போனது. வாதிக்கும் பிரதிவாதிக்கும் சம்பந்தமே இல்லாத பள்ளிகள், வங்கிகள், செய்தித்தாள்கள் எல்லாம் பக்கம் பக்கமாகத் திறந்து குறிகளை மாற்றின. ஸ்கிரிப்ட் வழியாக ஃப்ளாஷைப் பதிக்கும் எஸ்டபிள்யூஎஃப்ஆப்ஜெக்ட் போன்ற சிறு நிரல் நூலகங்கள் பரவலானதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒபேரா, தன்மேல் வழக்கு இல்லாமலே, ஒன்பதாம் பதிப்பில் அதே பூட்டைப் போட்டுக்கொண்டது. ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் போடவில்லை. ஆக ஒரே பக்கம் நான்கு உலாவிகளில் இரண்டு விதமாக நடந்துகொண்டது. ஜாவாஸ்கிரிப்ட் அணைத்திருந்தவர்களுக்கு முன்பு தெரிந்த படம் இப்போது தெரியாமலே போனது. தொடுதிரை வைத்த தகவல் மையங்களில் முதல் தொடுகை வீணாகும். ஒருமுறை தொட்டு எதுவும் நடக்காவிட்டால் மனிதர்கள் திரை கெட்டுவிட்டது என்று நகர்ந்துவிடுவார்கள்.

எங்களைப் போல் குறுந்தகட்டில் பாடம் கொடுத்தவர்களுக்கு இன்னொரு கொடுமை. 2004-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சேவைத் தொகுப்பு, வட்டிலிருந்து நேரடியாகத் திறக்கும் எச்டிஎம்எல் பக்கங்களில் ஸ்கிரிப்டை முடக்கி, மேலே ஒரு மஞ்சள் பட்டையில் எச்சரிக்கை காட்டத் தொடங்கியிருந்தது. அதற்குப் பயந்து பலர் ஸ்கிரிப்டே இல்லாத பக்கங்களுக்கு மாறியிருந்தார்கள். இப்போது ஸ்கிரிப்ட் இல்லாவிட்டால் இயோலாஸ் பூட்டு. ஸ்கிரிப்ட் போட்டால் மஞ்சள் பட்டை. பக்கத்தின் தலையில் ‘இணையத்திலிருந்து சேமித்தது’ என்று பாசாங்கு செய்யும் ஒரு குறிப்பு வரியைச் சேர்த்தால் இரண்டும் அடங்கும். உங்கள் கோப்புகளில் அப்படி ஒரு விநோதமான வரி கண்ணில் பட்டால், அதுவும் இந்தக் காலத்தின் எச்சம்தான், அதையும் எடுத்துவிடுங்கள்.

முடிவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2007 ஆகஸ்டில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. முழுத் தொகையை வெளியிடவில்லை. 2008 ஏப்ரல் புதுப்பிப்பில் பூட்டை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. இயோலாஸ் ஓயவில்லை. 2009 அக்டோபரில் தொடர்ச்சிக் காப்புரிமை ஒன்று கிடைத்த கையோடு, ஆப்பிள், கூகுள், அமேசான், அடோபி உள்ளிட்ட ஏறத்தாழ இரண்டு டஜன் நிறுவனங்கள் மீது டெக்சாஸில் வழக்குப் போட்டது. சிலர் பணம் கொடுத்து விலகினார்கள். மற்றவர்கள் நின்று ஆடினார்கள். 2012 பிப்ரவரியில் டைலர் நகரத்தில் வேயும் பெர்னர்ஸ்-லீயும் சாட்சிக்கூண்டில் ஏற, இரண்டு காப்புரிமைகளின் கோரல்களும் செல்லாது என்று ஜூரி சொன்னது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2015-இல் மூன்றாவதாக ஒன்றைப் பெற்று மறுபடி வழக்காடி, அதுவும் 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் விழுந்தது. உங்கள் பழைய கோப்பு இருப்பதற்கான சட்டக் காரணம் இப்படி முடிந்தது. அது சேவைசெய்த ஃப்ளாஷும் 2020 டிசம்பரோடு நின்றுவிட்டது. ஆகவே அந்தப் பக்கங்களில் வீடியோ குறியை நேரடியாக எழுதுங்கள். ‘நீக்க வேண்டாம்’ என்ற கட்டளைக்கு இனி எஜமானர் யாரும் இல்லை.

உறுதியில்லாத ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். 2006-இல் செய்த மாற்றம் உண்மையிலேயே மீறலைத் தவிர்த்ததா? எந்த ஜூரியும் அதை எடைபோடவில்லை. வெளிக்கோப்பு வழியும் கோரலுக்குள் வரும் என்று ஒரு நல்ல வழக்கறிஞர் வாதிட்டிருக்க முடியும் என்றே நினைக்கிறேன். அப்படியானால் கோடிக்கணக்கான பக்கங்களில் செய்த அந்த வேலை ஒரு கணக்குப் போட்ட துணிவுதான், தீர்வு அல்ல. காப்புரிமைத் தகராறின் சுபாவமே இது. தீர்ப்பு வருவதற்கு முன்பே, அதன்மீதான பயம் குறிப்பிட்ட சில வரிகளாக உங்கள் நிரலுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். தீர்ப்பு மாறினாலும் வரிகள் போவதில்லை.

செருகுநிரல் போய் வீடியோ குறி வந்ததும் தொல்லை ஒழிந்தது என்று நினைத்தோம். அது இடம் மாறியது, அவ்வளவுதான். முன்பு சண்டை ‘எப்படிப் பக்கத்துக்குள் நுழைப்பது’ என்பதில். பிறகு ‘எந்தக் கோடெக்கில்’, அதாவது வீடியோவைச் சுருக்கி விரிக்கும் எந்த முறையில், என்பதில். ஜிஃப் படங்களுக்கு இந்த அனுபவம் முன்பே இருந்தது. அதன் சுருக்கமுறை மேல் யுனிசிஸ் வைத்திருந்த காப்புரிமைக்குக் கட்டணம் என்று 1994 டிசம்பர் கடைசியில் அறிவிப்பு வந்ததும், சில நாட்களுக்குள் பிஎன்ஜி என்ற வடிவத்துக்கான வேலை தொடங்கிவிட்டது. படத்தில் அது முடிந்தது. வீடியோவில் முடியவில்லை. எச்டிஎம்எல்5 வரைவில் தியோரா என்ற கட்டணமில்லாக் கோடெக்கைப் பரிந்துரைத்த வாசகம் இருந்தது. ஆப்பிளும் நோக்கியாவும் எதிர்த்தன. வெளியே வராத காப்புரிமைகள் பதுங்கியிருக்கலாம் என்பது எதிர்ப்பின் ஒரு காரணம். 2009-இல் வரைவின் ஆசிரியர், எந்தக் கோடெக்கையும் கட்டாயமாக்க முடியவில்லை என்று கைவிரித்தார். இன்றுவரை அந்தக் குறி எந்தக் கோடெக்கையும் கட்டாயமாக்கவில்லை. ஒரே வீடியோவை இரண்டு வடிவங்களில் வைத்து, முடிந்ததை ஓட்டிக்கொள் என்று உலாவியிடம் விட்டுவிடும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

எச்.264 என்ற கோடெக்குக்கான உரிமத்தை, பலருடைய காப்புரிமைகளை ஒன்றாகச் சேர்த்து உரிமம் தரும் ஒரு தொகுப்பு நிர்வகித்தது. முன்பு எம்பெக் எல்ஏ, 2023 முதல் வியா எல்ஏ. பயனருக்கு இலவசமாகக் காட்டும் இணைய வீடியோவுக்குக் கட்டணம் கிடையாது என்று 2010 ஆகஸ்டில் நிரந்தரமாகவே சொல்லிவிட்டார்கள். ஆகவே பாடங்களை இலவசமாக வலையில் வைப்பவராக உங்களுக்கு அதில் கவலை இல்லை. கட்டணம், வீடியோவை விரிக்கும் டிகோடரையும் சுருக்கும் என்கோடரையும் விற்பவருக்கு. ஆண்டுக்கு முதல் ஒரு லட்சம் பிரதிகள் இலவசம்; அதற்குமேல் பிரதிக்கு 20 சென்ட், ஐம்பது லட்சத்தைத் தாண்டினால் 10 சென்ட், அதற்கு ஓர் ஆண்டு உச்சவரம்பு. கூகுளுக்கும் ஆப்பிளுக்கும் அந்த உச்சவரம்பு சில்லறை. மொசில்லாவுக்குத் தொகை மட்டும் பிரச்சினை அல்ல. ஃபயர்ஃபாக்ஸை எடுத்துத் தன் லினக்ஸில் சேர்த்துக் கொடுக்கிறவர் அந்த உரிமத்துக்குள் வரமாட்டார். மூலநிரலை யாரும் எடுத்து விநியோகிக்கலாம் என்ற அடிப்படையே அங்கே உடைகிறது. கூகுள் 2010-இல் விபி8 என்ற கோடெக்கை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. 2011 ஜனவரியில், குரோமிலிருந்து எச்.264-ஐ எடுக்கப்போவதாக அறிவித்தது, எடுக்கவேயில்லை. மொசில்லா 2012-இல் இறங்கிவந்து, இயங்குதளத்தில் ஏற்கெனவே இருக்கும் டிகோடரைப் பயன்படுத்திக்கொள்ளும் வழியை ஏற்றுக்கொண்டது.

2013 அக்டோபரில் சிஸ்கோ செய்த ஏற்பாட்டை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்; பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு பெட்டிகள் செய்கிறார்கள். ஓப்பன்எச்264 என்ற கோடெக்கின் மூலநிரலைத் திறந்துவிட்டு, அதிலிருந்து தானே தொகுத்த பைனரிக்கு (கணினி நேரடியாக இயக்கும் கோப்பு) உரிமக் கட்டணத்தைத் தானே செலுத்துவதாக சிஸ்கோ சொன்னது. சலுகை அந்தப் பைனரிக்கு மட்டும். அது பயனரின் சாதனத்துக்கு சிஸ்கோவிடமிருந்து தனியாக இறங்க வேண்டும். பயனர் அதை அணைக்கவும் இயக்கவும் முடிய வேண்டும். அதே மூலநிரலை நீங்கள் தொகுத்தால் அந்தக் கட்டணக் குடை உங்கள் தலைக்கு மேல் இல்லை. அந்தப் பைனரியையே தொழிற்சாலையில் ஃபர்ம்வேரோடு (பெட்டிக்குள்ளேயே பதிக்கும் மென்பொருள்) சேர்த்து எரித்துவிட்டாலும் இல்லை. மூலநிரலுக்கான பிஎஸ்டி என்ற திறந்த உரிமம் பதிப்புரிமையைத்தான் தருகிறது. சிஸ்கோ அல்லாத மற்றவர்களின் காப்புரிமையை அது எப்படித் தர முடியும்? எஃப்எஃப்எம்பெக் என்ற திறந்த வீடியோ நூலகத்துக்கும் இதே கணக்குத்தான்.

சாதனங்களில் கட்டணம் கண்ணுக்குத் தெரியும் வடிவம் எடுத்ததற்கு நல்ல உதாரணம் ராஸ்பெர்ரி பை என்ற மலிவான சிறு கணினிப் பலகை. அதன் சிப்பில் எம்பெக்-2, விசி-1 என்ற இரண்டு கோடெக்குகளையும் விரிக்கும் வன்பொருள் இருந்தது. ஆனால் எல்லாப் பலகைக்கும் அந்தக் கட்டணத்தைச் சேர்த்தால் விலை ஏறும் என்று பூட்டி வைத்திருந்தார்கள். 2012 ஆகஸ்டிலிருந்து, வேண்டியவர்கள் எம்பெக்-2-க்கு 2.40 பவுண்டு, விசி-1-க்கு 1.20 பவுண்டு கொடுத்துத் தங்கள் பலகையின் வரிசை எண்ணுக்கு மட்டும் செல்லும் சாவியை வாங்க முடிந்தது. எச்.264 பலகை விலையிலேயே அடக்கம். நேர்மையான ஏற்பாடு என்பேன்: எது யாருக்கு எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரிந்தது. இதற்கு நேர்மாறாக, 2022 செப்டம்பரில் ஃபெடோரா என்ற லினக்ஸ் வெளியீடு, வன்பொருள் வழியாக எச்.264-ஐயும் அதற்கு அடுத்த தலைமுறையான எச்இவிசி-யையும் விரிக்கும் வசதியைத் தன் வரைகலைத் தொகுப்பிலிருந்து சட்டக் காரணத்தால் நீக்கியது. வன்பொருள் அப்படியே இருக்கிறது. அதை அழைக்கும் பாதை மட்டும் மூடப்பட்டது. புதுப்பித்ததும் வீடியோ திணறுகிறதே என்று இயக்கியைக் குறைசொல்லிப் பல மாலைகளைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

காப்புரிமைத் தொகுப்பில் கையெழுத்திட்டால் எல்லாம் தீர்ந்ததா? இல்லை. தொகுப்புக்கு வெளியே நிற்பவர் தனியாகக் கேட்கலாம். மோட்டரோலா அப்படித்தான் மைக்ரோசாஃப்டிடம் எச்.264 காப்புரிமைகளுக்குப் பொருளின் விலையில் 2.25 சதவீதம் கேட்டது. 2012 மே மாதம் ஜெர்மனியின் மான்ஹைம் நீதிமன்றம் விண்டோஸ் 7, எக்ஸ்பாக்ஸ், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஆகியவற்றை அங்கே விற்கத் தடையே விதித்தது. சியாட்டில் நீதிமன்றம் அந்தத் தடையை அமல்படுத்தக்கூடாது என்று மோட்டரோலாவைத் தடுத்தது. அதற்குள் மைக்ரோசாஃப்ட் தன் ஐரோப்பிய விநியோகக் கிடங்கையே ஜெர்மனியிலிருந்து நெதர்லாந்துக்கு மாற்றிவிட்டது. 2013-இல் அதே சியாட்டில் நீதிபதி அந்தக் காப்புரிமைகளின் நியாய விலை பொருள் ஒன்றுக்கு 0.555 சென்ட் என்று கணித்தார். கேட்டதற்கும் தகுந்ததற்கும் நடுவே இருக்கும் அந்தப் பள்ளத்தைப் பாருங்கள். மைக்ரோசாஃப்டால் கிடங்கை மாற்ற முடிந்தது. நம்மைப் போன்றவர்கள் அந்த நேரத்தில் கடையைத்தான் மூட வேண்டியிருக்கும்.

எச்இவிசி இன்னும் மோசம். ஒரு தொகுப்பு போதாதென்று மூன்று முளைத்தன. அவற்றில் ஒன்று 2015-இல் உள்ளடக்க வருமானத்திலேயே அரை சதவீதம் கேட்டு, எதிர்ப்புக்குப் பின் அதைக் கைவிட்டது. அந்த எரிச்சல்தான் கூகுள், மொசில்லா, நெட்ஃபிளிக்ஸ், அமேசான், சிஸ்கோ, இன்டெல், மைக்ரோசாஃப்ட் எல்லாவற்றையும் 2015 செப்டம்பரில் ஒரே கூட்டணியில் உட்கார வைத்தது. 2018 மார்ச்சில் அந்தக் கூட்டணியின் ஏவி1 என்ற கோடெக் பிறந்தது. ஏவி1 இலவசம் என்று அதைச் செய்தவர்கள் சொல்கிறார்கள். சிஸ்வெல் என்ற நிறுவனமோ, கூட்டணியில் இல்லாதவர்களின் காப்புரிமைகளைத் தொகுத்து, திரை உள்ள சாதனத்துக்கு 32 யூரோ சென்ட் என்று 2020-இல் விலையட்டை ஒட்டியிருக்கிறது. யார் சொல்வது சரி என்பது ஒவ்வொரு காப்புரிமையாக நீதிமன்றத்தில் தீர வேண்டியது. இதில் உறுதியாகப் பேசும் எவரிடமும், என்னையும் சேர்த்து, கொஞ்சம் சந்தேகத்தோடு இருங்கள்.

இந்தியாவில் மட்டும் விற்றால் தப்பலாமா என்று ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரலை அதன் தன்னளவில் காப்புரிமைக்கு உரியதல்ல என்று விலக்குகிறது. 2004 கடைசியில் ஓர் அவசரச் சட்டம் அந்த விலக்கைச் சுருக்கப் பார்த்தது. 2005-இல் நாடாளுமன்றம் அதை ஏற்காமல் பழைய வாசகத்தையே வைத்துக்கொண்டது. இயோலாஸ் போன்ற ஒரு கோரல் இங்கே எளிதில் தேறியிருக்காது என்பது என் கணிப்பு. ஆனால் கோடெக்குகளை அந்தப் பிரிவு முழுவதுமாகக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். எரிக்சன் தொடுத்த வழக்கில் 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் லாவா நிறுவனத்துக்கு 244 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. பேச்சைச் சுருக்கும் கோடெக் தொடர்பான காப்புரிமைகளும் அந்த வழக்கில் இருந்தன. 3(கே) வாதம் அங்கே எடுக்கப்பட்டும் கைகொடுக்கவில்லை.

இனி உங்கள் பெட்டி. வீடியோ முழுவதும் நீங்களே தயாரிப்பது. எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் வைக்கலாம். இது உங்களுக்கு உள்ள பெரிய வசதி. சிப், விபி8-க்கு அடுத்து வந்த விபி9-ஐ வன்பொருளிலேயே விரிக்குமானால் அதில் வையுங்கள்; எச்இவிசி பக்கம் போக உங்களுக்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. எச்.264-தான் வசதி என்றால் அதுவும் தப்பில்லை. தரம் வெளியானது 2003-இல். காப்புரிமையின் ஆயுள் விண்ணப்பித்ததிலிருந்து இருபது ஆண்டு. பெரும்பாலானவை காலாவதியாகிவிட்டன, நீட்டிப்புப் பெற்ற சில அமெரிக்காவில் உயிரோடு இருக்கின்றன. சிப் விற்பவர் ‘கோடெக் உள்ளடங்கியது’ என்று சொன்னால் உரிமமும் உள்ளடங்கியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டணப் பொறுப்பு பொதுவாகத் தன் பெயரில் பெட்டியை விற்பவர் தலையில்தான். சிப் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இது சிறிய எழுத்தில் இருக்கும். எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். முதல் ஒரு லட்சம் பிரதி இலவசம் என்பதும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருக்குத்தான்.

வழக்கறிஞரிடம் எப்போது போவது? அமெரிக்காவுக்கோ ஜெர்மனிக்கோ பெட்டியை அனுப்பும் எண்ணம் வந்தால் அனுப்புவதற்கு முன்பு. எந்த நாடாக இருந்தாலும், ஒரு காப்புரிமை எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் வந்தால் அன்றே. அந்தக் கடிதத்துக்கு நீங்களே பதில் எழுதாதீர்கள். அதைப் படித்துவிட்டு உங்கள் குழுவில் யாரும் ‘ஆமாம், நாம் இதைத்தான் செய்கிறோம்’ என்று ஒருவருக்கொருவர் மின்னஞ்சலும் அனுப்ப வேண்டாம். தெரிந்தே மீறியதாகத் தெரிந்தால் அமெரிக்க நீதிமன்றம் இழப்பீட்டை மூன்று மடங்குவரை உயர்த்தலாம், அந்த மின்னஞ்சல் சான்றாக வரும். சிப்பின் ஒப்பந்தம், ஃபர்ம்வேரில் உள்ள நூலகங்களின் பட்டியல், எந்த நாட்டில் எத்தனை பெட்டி விற்றது என்ற கணக்கு ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு போனால் அவர் முதல் சந்திப்பிலேயே உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும்.